மருந்து முதலில்

சீடர் ஃபோர்க், மிசூரி
செப்டம்பர், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கோல்பிக்கு,

அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் நலம். நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

போன வாரம் நான் எழுதிய கடிதம் உனக்கு வந்திருக்காது. எனக்கே திரும்பி வந்துவிட்டது. உறையின் மேல் சிவப்பு மையில் ஒரு முத்திரை, அனுமதி இல்லாத படமாம். நான் என்ன அசிங்கமான படமா அனுப்பினேன்? கடைக்காரன் கொடுத்த விளம்பரப் புத்தகத்தில் இருந்து ஒரு பக்கத்தைக் கத்தரித்து வைத்திருந்தேன். துப்பாக்கிப் படம் சிறைக்குள் வரக்கூடாதாம். கடிதங்களைப் பிரித்துப் படிக்கிற ஐயா, இதையும் முதலில் நீங்கள்தான் படிக்கப் போகிறீர்கள். இதில் படம் கிடையாது, எழுத்து மட்டும்தான். எழுத்துக்கும் தடை என்றால் அதற்கும் ஒரு முத்திரை குத்தி அனுப்பிவிடுங்கள், நான் பேசாமல் வால்நட் உரிக்கப் போகிறேன்.

வால்நட் இந்த வருஷம் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. பின்பக்க மரத்தடியில் கால் வைக்க இடமில்லை. உரித்து உரித்து என் விரலெல்லாம் கறுத்துக் கிடக்கிறது. சர்ச்சில் கைகுலுக்க வெட்கமாக இருக்கிறது. உன் அப்பா மில்லுக்குப் போய் வருகிறார். பீப்பாய்ப் பலகைக்கு நல்ல தேவை இருப்பதால் சனிக்கிழமையும் வேலை.

சரி, உன் கடிதத்துக்கு வருகிறேன். வந்ததும் படித்துவிட்டு மாவு டப்பாவுக்கு அடியில் தள்ளிவிட்டேன். பதில் எழுதினால் திட்டித்தான் எழுதுவேன் என்று தெரியும். விடுதலையானதும் வீட்டுக்கு வர மாட்டாய், ஸ்ப்ரிங்ஃபீல்டில் உன்னோடு உள்ளே இருந்த ஒருவனின் அறைக்குப் போவாய். அப்படித்தானே? அப்பாவின் அலமாரியில் ரைஃபிள் இருக்கிறது, சிறைக்குப் போனவனுக்குத் துப்பாக்கி கூடாது என்பது சட்டம், அது இருக்கிற கூரைக்குக் கீழே நீ ஒரு நாள் படுத்தாலும் திரும்ப உள்ளே போடுவார்கள், உனக்காக அவர் அதை எடுக்கவும் மாட்டார், நீ கேட்கவும் மாட்டாய் என்று எழுதியிருந்தாய். கடைசியில் ஒரு வரி. நவம்பரில் ஊரே மான் வேட்டைக்குப் போகும்போது நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா, என்று. அந்த ஒரு வரிதான் என்னைக் கடைக்குத் துரத்தியது.

உன் அப்பா அலமாரியைக் காலி செய்ய மாட்டார் என்பதில் எனக்கும் சந்தேகம் இல்லை. தாத்தாவின் ரைஃபிளை நீ அடகுக் கடைக்குக் கொண்டுபோன கதையை நான் மறுபடி கிளறவில்லை. அதை எங்கெங்கோ தேடி மீட்டுக்கொண்டு வந்தவர், அலமாரிக்கு ஒரு பெரிய பூட்டு வாங்கிப் போட்டார். அன்றிலிருந்து உன் பெயரை அவர் சொல்லி நான் கேட்கவில்லை. இன்னொரு சொல்லும் இந்த வீட்டில் செத்துவிட்டது. மருந்து. உன் முதுகு பிடித்துக்கொண்டபோது டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்தில்தானே எல்லாம் ஆரம்பித்தது. இப்போது யாருக்காவது இருமல் வந்தால் 'அந்த பாட்டிலை எடு' என்றுதான் சொல்கிறேன். தவறி அந்தச் சொல் விழுந்தால் உன் அப்பா தட்டைத் தள்ளிவிட்டுக் கொட்டகைக்குப் போய்விடுவார்.

உன் ஹார்லன் மாமாவுக்கு இந்த இங்கிதமெல்லாம் ஏது? சாப்பாட்டு மேஜையிலேயே ஆரம்பித்தான். "அக்கா, குழல் வாய் வழியா மருந்து கெட்டிச்சுச் சுடற துப்பாக்கி இருக்கு பாரு, அதைச் சட்டம் துப்பாக்கியாவே சேர்க்கறதில்ல. பழங்காலத்துச் சாமான்னு விட்டுடறாங்க. போன வருஷம் செஞ்சதா இருந்தாலும் பழங்காலந்தான். பையன் தண்டனைய முழுசாக் கழிச்சுட்டு வரான், எங்கேயும் போய்க் கையெழுத்துப் போடற வேலையும் இல்ல. தாராளமா அதை எடுத்துக்கிட்டுக் காட்டுக்குப் போலாம்" என்றான். அவன் 'மருந்து' என்றதுமே உன் அப்பா எழுந்து போய்விட்டார். பாதிக் கோழி தட்டில் அப்படியே கிடந்தது. நான் ஹார்லனை மேஜைக்குக் கீழே ஒரு உதை விட்டேன், அவனுக்கு ஏன் என்று கூடப் புரியவில்லை.

ஆனால் யோசனை நல்ல யோசனை. மறுநாளே டவுனுக்குப் போனேன். கடையில் தாடி வைத்த ஒரு இளைஞன். உன் வயதுதான் இருக்கும். யாருக்கு என்று கேட்டான். மகனுக்கு என்றேன். "அவரையே கூட்டிட்டு வாங்க மேடம், தோள்ல வச்சுப் பாத்து வாங்கணும்" என்றான். அவன் வெளியூரில் இருக்கிறான் என்றேன். "ராணுவத்துலயா?" என்று உடனே நிமிர்ந்து நின்று கேட்டான். நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாட்டுக்காகச் செய்கிற சேவைக்கு நான் நன்றி சொன்னதாகச் சொல்லுங்கள் என்றான். சொல்லிவிட்டேன், போ.

அதற்கப்புறம் அவன் கேட்ட கேள்விகள்! குழல் எத்தனை அகலம், உள்ளே முறுக்கு எப்படி, தொலைநோக்கி வேண்டுமா வெறுங்கண் குறியே போதுமா, குண்டுக்கு பிளாஸ்டிக் உறை போடுவாரா மாட்டாரா. ஒரு துணி தைக்கக் கொடுத்தால்கூட இத்தனை அளவு கேட்க மாட்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், மான் ஒரே குண்டில் விழ வேண்டும், துடிக்கக் கூடாது. அதைச் சொன்னேன். அப்படியென்றால் அரை அங்குலக் குழல்தான் சரி, புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள் என்றான்.

அப்புறம் ஒரு சின்ன டப்பாவைத் திறந்து காட்டினான். வெடிமருந்தை அமுக்கி உருட்டி வில்லை வில்லையாக வைத்திருக்கிறார்கள். "அளக்கற வேலையே இல்ல மேடம். ரெண்டு மாத்திரைய உள்ள போட்டா முடிஞ்சுது. பழகறவங்களுக்கு மாத்திரைதான் சுலபம்." நான் டப்பாவை அவன் பக்கமே தள்ளிவிட்டேன். மாத்திரை வேண்டாம் என்றேன். ஏன் மேடம், எல்லோரும் வாங்குகிறார்களே என்றான். என் மகனுக்கு மாத்திரை வேண்டாம், அளந்து போடுகிற பொடியையே கொடு என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, தூண்டில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன்.

அலமாரிக்கு என்ன வழி என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம். நீ அந்த ஸ்ப்ரிங்ஃபீல்ட்காரனிடம் முடிவாக எதையும் சொல்லிவிடாதே.

உன்னை எண்ணாத வேளை இல்லாத,
அம்மா


சீடர் ஃபோர்க்
அக்டோபர், செவ்வாய்க்கிழமை

கோல்பி,

நலம். நலம் விசாரிக்கிற மனநிலையில் நான் இல்லை, இருந்தாலும் நீ நலமாக இரு.

துப்பாக்கி வாங்கினேன். வாங்கி, கெட்டேன். முதலில் இருந்தே சொல்கிறேன்.

பக்கத்து ஊரில் பெரிய கடை ஒன்று திறந்திருக்கிறது. அங்கே ஒரு பெரியவர், நன்றாகப் பேசினார். என்னை உட்கார வைத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். அந்தக் காலத்து மாதிரி பக்கவாட்டில் சுத்தியல் அடிக்கிற வகை இல்லை, மருந்தைப் பற்றவைக்கிற கேப்பு குழலுக்கு நேர் பின்னாலேயே உட்காருகிற புது வகை. நடுவில் மடக்கித் திறந்து, கட்டைவிரல் அளவு இடத்தில் கேப்பை வைத்து மூட வேண்டியதுதான், மழையில் நனையாது. அடிமூடியைக் கையாலேயே திருகிக் கழற்றிவிடலாம். சுட்ட அன்றே வெந்நீரும் சோப்பும் போட்டுக் கழுவாவிட்டால் துரு பிடித்துவிடும் என்றார். பாத்திரம் கழுவுவது எனக்குத் தெரியும், இந்த ஒன்றாவது எனக்குப் புரிகிறதே என்று சந்தோஷப்பட்டேன்.

அப்புறம் அவர் சொன்னதுதான் என்னை விழ வைத்தது. "இதுக்கு ரெண்டு குழல் உண்டும்மா. மருந்து கெட்டிக்கற குழலைக் கழட்டிட்டு, சாதாரணத் தோட்டா போடற குழலையும் இதே அடிச்சட்டத்துல மாட்டிக்கலாம். ஒண்ணு வாங்கினா ரெண்டு வாங்கின மாதிரி." எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. உனக்கு மருந்துக் குழல் மட்டும் போதும் என்று சொன்னேன். அதை மட்டும் கட்டிக் கொடுத்தார். என் ஓட்டுநர் உரிமத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய் யாருக்கோ போன் செய்து என் பெயரைச் சொன்னார், நான் நின்றுகொண்டே இருந்தேன். பெரிய கடை, இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். பொடி, குண்டு, கேப்பு, குண்டை உள்ளே தள்ளுகிற கெட்டிக்கோல் எல்லாம் வாங்கிக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே வண்டியை ஓட்டி வந்தேன்.

சமையலறை மேஜையில் பிரித்து வைத்தேன். ஹார்லன் வந்து தூக்கிப் பார்த்து, குறி பார்த்து, ஆகா ஓகோ என்றான். அப்போது உன் அப்பா மில்லில் இருந்து வந்தார். தொப்பியைக் கூடக் கழற்றவில்லை. எடுத்து மடக்கினார், குழலைப் பார்க்கவில்லை, அடியில் இருக்கிற சட்டத்தைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விக்கும்போது போன் பண்ணானா?" என்று கேட்டார்.

பண்ணினார் என்றேன்.

"அப்ப இது துப்பாக்கிதான். சட்டப்படி துப்பாக்கி விக்கறப்பதான் போன் பண்ணிப் பேரச் சரிபாப்பாங்க. தோட்டாக் குழல் மாட்டற சட்டத்துல எந்தக் குழல் மாட்டினாலும் துப்பாக்கிதான். இதைத் தொட்டா அவன் திரும்ப உள்ள போவான்."

அவ்வளவுதான். கை கழுவப் போய்விட்டார்.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படி எழுதுவேன்! இத்தனை நாள் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டு, நான் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கி வந்த பிறகு, நின்ற நிலையில் நொட்டை சொல்லத் தெரிகிறது. "உங்களுக்குத் தெரிஞ்சா முன்னாடியே சொல்லறதுக்கென்ன? நான் என்ன எனக்காகவா மான் சுடப் போறேன்?" என்று கத்தினேன். குழாய்த் தண்ணீரை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டுக் கை கழுவினார். ஹார்லனைத் திரும்பிப் பார்த்தால் அவன் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறான். "எனக்கு அவ்வளவு நுணுக்கம் தெரியாதுக்கா, பொதுவாத்தான் சொன்னேன்" என்கிறான். பொதுவாகச் சொன்னானாம்! அவன் பொதுவாகச் சொன்னதை நம்பி உன் கையில் இதைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்!

மறுநாள் திருப்பிக் கொடுக்கப் போனேன். நேற்று அம்மா அம்மா என்றவர் இன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரு தடவை கடையை விட்டு வெளியே போனால் போனதுதானாம், வேண்டுமானால் பழைய துப்பாக்கியென்று அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொள்வாராம். கொண்டுவந்து லாரிக் கொட்டகையில் சாத்திவிட்டேன். பார்க்கப் பிடிக்கவில்லை.

உன் அப்பா வேறு என் உயிரை வாங்குகிறார். இந்த வாரம் முழுக்க துணி அலமாரியில் தொங்குகிற கோட்டுப் பைகளையெல்லாம் துழாவிக்கொண்டிருக்கிறார். சமையலறை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினார். லாரி இருக்கைக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் அடுத்த மூலைக்குப் போய்விடுகிறார். சிகரெட் மறுபடி ஆரம்பித்துவிட்டாரோ என்னவோ.

எனக்கு அலுத்துவிட்டது மகனே. ஒருவர் வாயைத் திறக்க மாட்டார், ஒருவன் மூட மாட்டான், ஒருவன் வீட்டுக்கே வர மாட்டேன் என்கிறான். நான் யாருக்காக அலைகிறேன்? நீ ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கே போ. அங்கேயே இரு.

மேலே உள்ள இரண்டு வரிகளைப் பேனாவில் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை. அவற்றைப் படிக்காதே.

அம்மா


சீடர் ஃபோர்க்
அக்டோபர் கடைசி, திங்கட்கிழமை

என் செல்ல மகன் கோல்பிக்கு,

உன் அம்மா நின்றுகொண்டே எழுதுகிறாள். மேஜை முழுக்கத் துப்பாக்கிக் குழலும் சோப்புத் தண்ணீரும் துணியும் பரப்பி வைத்திருக்கிறது. வீடெல்லாம் அழுகின முட்டை நாற்றம். சுட்ட பொடியின் நாற்றம் அப்படித்தானாம். ரொட்டி சுட மாவு பிசைந்து வைத்தேன், வைக்க இடமில்லாமல் சலவை மெஷின் மேல் இருக்கிறது.

சனிக்கிழமை மதியம் சர்ச்சில் விருந்து. முடிந்து வீட்டுக்கு வந்தால் ரைஃபிள் அலமாரி இரண்டு கதவும் திறந்து கிடக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. பெரிய பூட்டு தரையில். திருடன் வந்துவிட்டான், தாத்தாவின் ரைஃபிள் மறுபடியும் போய்விட்டது, இந்த மனுஷர் இனி பிழைக்க மாட்டார் என்று ஹார்லனுக்குப் போன் செய்தேன்.

"கத்தாதக்கா. எல்லாம் எங்க வீட்லதான் இருக்கு" என்றான்.

காலையில் நான் சர்ச்சுக்குக் கிளம்பியதுமே உன் அப்பா மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு எல்லாவற்றையும் போர்வையில் சுற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போயிருக்கிறார். தாத்தாவினுடையதும் சேர்த்து. அதோடு ஒரு காபி டப்பா. அதில் என்ன தெரியுமா? கோட்டுப் பை, இழுப்பறை, லாரி என்று மூலை மூலையாகத் துழாவி எடுத்த ஒற்றைத் தோட்டாக்கள். ஒரு தோட்டா வீட்டில் கிடந்தாலும் உனக்கு ஆபத்தாம். எல்லாவற்றையும் ஹார்லன் கட்டிலில் வரிசையாக வைத்திருக்கிறார். "அத்தான், எப்ப வந்து எடுத்துக்கறீங்க?"ன்னு கேட்டேன்க்கா, "எடுக்கறதுக்கில்ல மச்சான். நீயே வச்சுக்க. அவன் இருக்கற வீட்டுக்கு இது வராது"ன்னு சொல்லிட்டுத் திரும்பிப் பாக்காமப் போயிட்டாருக்கா என்று ஹார்லன் சொன்னான்.

சாயங்காலம் லாரி வந்தது. இறங்கி, நீளமான இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் வாங்கின அந்தச் சனியனையும் ஹார்லன் வீட்டில் இறக்காமல் வைத்திருந்த, காடை சுடுகிற தன் துப்பாக்கியையும் அந்தப் பெரிய கடையில் கொடுத்துவிட்டு இவற்றை எடுத்துவந்திருக்கிறார். என்னை விரட்டிய பெரியவர் இவரிடம் எப்படி எடுத்துக்கொண்டார் என்று கேட்டேன், பேசினேன் என்றார். இவர் பேசினாராம்! அதைக் கேட்க நான் காசு கொடுத்துப் போயிருப்பேன்.

இரண்டும் ஒரே மாதிரி. அரை அங்குலக் குழல், கையால் திருகுகிற அடிமூடி, வெறுங்கண் குறி. வேறு குழல் எதுவும் இதில் மாட்டவே மாட்டாது. நான் முதலில் கேட்டது, போன் பண்ணினானா என்றுதான்.

"பண்ணல. ரெண்டு தடவ கேட்டுட்டேன். வக்கீலும் இதையேதான் சொன்னாரு."

எந்த வக்கீல், எப்போது கேட்டீர்கள் என்றேன்.

"வசந்தத்துல" என்றார்.

வசந்தத்தில்! கேட்டாயா கோல்பி? நான் செப்டம்பரில் இருந்து செருப்புத் தேய அலைகிறேன், தாடிக்காரனிடம் அவமானப்படுகிறேன், ஹார்லனை நம்பி மோசம் போகிறேன், இந்த மனுஷர் வசந்தத்திலேயே வக்கீலைப் பார்த்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அவன் வருகிறானோ இல்லையோ என்றார். அதற்கு மேல் என்னால் சண்டை போட முடியவில்லை. மாவு டப்பாவுக்கு அடியில் இருந்த உன் கடிதத்தை அவரும் படித்திருக்கிறார்.

இரண்டு பெட்டி எதற்கு என்று நான் கேட்கவில்லை. ரைஃபிள் இல்லாமல் உன்னோடு காட்டுக்கு வர அவருக்கும் ஒன்று வேண்டுமே.

இன்று மில் லீவு. மேய்ச்சல் நிலத்தில் அட்டைப் பெட்டியை நிறுத்திவிட்டுச் சுட்டுப் பழகப் போனார். எத்தனை வருஷம் வேட்டையாடியவர், நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். குண்டைக் குழல் வாயில் வைத்து, கெட்டிக்கோலால் மூச்சுப் பிடித்து அடி வரைக்கும் இறக்கினார். கேப்பு வைத்தார், தோளில் வைத்தார், விசையை இழுத்தார். டிக். அவ்வளவுதான். தாமதமாக வெடித்துவிடுமோ என்று குழலை அட்டைப் பெட்டிப் பக்கமே நீட்டியபடி கல்லாக நின்றார். புதுக் கேப்பு வைத்தார். மறுபடி டிக். அப்புறம் மெதுவாகத் திரும்பி, புல்லின் மேல் தான் அளந்து வைத்திருந்த பொடிக் குப்பியைப் பார்த்தார். அது நிறைந்தபடியே நிற்கிறது. போடவே இல்லை! எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டே சிரித்தேன். "பழகற எல்லாரும் ஒரு தடவ செய்யறதுதான்" என்று அங்கிருந்தே கத்தினார். காது சிவந்திருந்தது. அடிமூடியைக் கழற்றி, வெறுங்குண்டைப் பின்பக்கமாகத் தள்ளி எடுத்து, மறுபடி ஆரம்பித்தார். அதன் பிறகு சுட்டது எல்லாம் அட்டையின் நடுவில்தான் பாய்ந்தது.

இப்போது எனக்கு எதிரில் உட்கார்ந்து குழலைக் கழுவுகிறார். கோல்பிக்குத்தான் எழுதுகிறேன், நீங்கள் ஏதாவது சொல்லி எழுத வேண்டுமா என்று கேட்டேன். வழக்கம்போலப் பதில் வராது என்று அடுத்த வரியை எழுதப் போனேன். துணியை முறுக்கிப் பிழிந்தார். மறுபடி நனைத்தார்.

"கோல்பிய, மருந்த முதல்ல போடச் சொல்லு" என்றார். "குண்ட அப்புறம்."

உன் பெயரையும் அந்தச் சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். தட்டைத் தள்ளவில்லை, எழுந்து போகவில்லை. அப்படியே குழலுக்குள் துணியை விட்டு இழுத்துக்கொண்டிருந்தார். நான் சலவை மெஷின் பக்கம் திரும்பி நின்று மாவை இன்னும் கொஞ்ச நேரம் பிசைந்தேன். அது பிசைய வேண்டிய அளவுக்கு ஏற்கெனவே பிசைந்தாயிற்று.

மகனே, உன் அப்பாவுக்கு இதற்கு மேல் சொல்லத் தெரியாது. நீயும் அவர் மாதிரிதான், மன்னிப்பு என்று உனக்கும் எழுத வராது. எழுத வேண்டாம். ஸ்ப்ரிங்ஃபீல்ட்காரனிடம் அறை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடு. உன்னை விடுகிற அன்று வெளிவாசலில் நாங்கள் இரண்டு பேரும் நிற்போம். உன் வேட்டைச் சட்டையை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன், தோள்பட்டை இறுக்கமாக இருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பெட்டியை யாரும் பிரிக்கவில்லை.

ஆண்டவர் உன்னை அந்த வாசல் வரைக்கும் பத்திரமாகக் கொண்டுவந்து விடட்டும். அங்கிருந்து நாங்கள் கூட்டி வந்துவிடுகிறோம்.

உன் அம்மா நடீன்,
உன் அப்பாவும் கூட

பிரித்துப் படிக்கிற ஐயாவுக்கு: இந்தக் கடிதத்தில் துப்பாக்கி என்ற சொல் நிறைய வந்துவிட்டது, எனக்கே தெரிகிறது. ஆனால் படம் ஒன்றும் வைக்கவில்லை. முன்பு கோபமாக எழுதியதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். மற்ற எதைத் திருப்பி அனுப்பினாலும் பரவாயில்லை ஐயா, இதை மட்டும் அவன் கையில் கொடுத்துவிடுங்கள்.